கல்லூரி நகரத்துக் கறுப்பினக் குடியிருப்பு: வாய்மொழி வரலாற்றைச் சேகரித்துக் காப்பது எப்படி?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சாப்பல் ஹில் என்றொரு ஊர் இருக்கிறது. 1795இல் திறந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சுற்றியே வளர்ந்த ஊர். பல்கலைக்கழகத்தின் முதல் கட்டடங்களில் அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் உழைப்பு இருக்கிறது. அடிமை முறை ஒழிந்த பிறகும் அங்கே சமைத்தவர்கள், பெருக்கியவர்கள், துணி வெளுத்தவர்கள், ஊரெங்கும் தெரியும் கல்சுவர்களைக் கட்டியவர்கள் எல்லாம் பெரும்பாலும் கறுப்பின மக்கள்தான். அவர்கள் குடியிருந்த பகுதிகளில் பெரியது நார்த்சைட். கடைத்தெருவான ஃபிராங்க்ளின் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். இப்போது அந்த நெருக்கமே அதற்கு வினையாகிவிட்டது. மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக வெளியார் வீடுகளை வாங்குகிறார்கள், நிலத்தின் விலையும் வரியும் ஏறுகின்றன. மூன்று தலைமுறையாக இருந்த குடும்பம் ஒரு நாள் காலி செய்துவிட்டுப் போகிறது.

இது சாப்பல் ஹில்லுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் லின்னென்டவுன் என்ற கறுப்பினக் குடியிருப்பை 1960களில் இடித்துவிட்டுப் பல்கலைக்கழக விடுதிகளைக் கட்டினார்கள். வெளியேற்றப்பட்டவை ஏறக்குறைய 50 குடும்பங்கள். வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் வினிகர் ஹில் பகுதியை இடிக்க 1960இல் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போடத் தனி வரி கட்ட வேண்டிய காலம் என்பதால், வீட்டை இழக்கப்போகிற பலருக்கு அதில் ஓட்டே இல்லை. இத்தகைய இடங்களின் வரலாறு ஆவணக் காப்பகங்களில் கொஞ்சம்தான் கிடைக்கும். மிச்சமெல்லாம் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களின் நினைவில் இருக்கிறது.

ராலே, டர்ஹம், சாப்பல் ஹில் வட்டாரத்தில் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்த தமிழர்கள் நிறையப் பேர். நாம் வாடகைக்கு எடுக்கும் வீடே இப்படிக் கைமாறிய வீடாக இருக்கலாம். இந்த வேலையில் கைகொடுக்க விரும்புகிறவர்களுக்காக நார்த்சைட்டை முன்னுதாரணமாக வைத்து இதை எழுதுகிறேன். வேறு கல்லூரி நகரங்களில் இருப்பவர்களும் இதே வரிசையில் போகலாம். முதலிலேயே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். மைக், மென்பொருள் எல்லாம் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். பதிவு யாருக்குச் சொந்தம், யார் கையில் இருக்கும், அந்தத் தெருவுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்பதை முதல் நாளே பேசித் தீர்ப்பதுதான் கடினம். அதைத் தீர்க்காமல் பட்டனை அமுக்காதீர்கள்.

படி 1: ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நார்த்சைட்டில் நீங்கள் முதல் ஆள் இல்லை. மேரியன் சீக் ஜாக்சன் மையம் அங்கேயே இருந்துகொண்டு குடியிருப்பாளர்களின் குரல்களைப் பல ஆண்டுகளாகப் பதிந்து வருகிறது. 'கல்சுவரிலிருந்து' என்று பொருள்படும் பெயரில் அதன் இணையக் காப்பகமும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் 1973இல் தொடங்கிய தென்னக வாய்மொழி வரலாற்றுத் திட்டத்திடம் ஆயிரக்கணக்கான நேர்காணல்கள் உள்ளன. இவற்றைக் கேட்காமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினால், அவர் ஏற்கெனவே நான்கு மாணவர்களிடம் சொன்னதையே ஐந்தாவது முறை சொல்ல வேண்டியிருக்கும். கல்லூரி நகரங்களில் இது பெரிய தொல்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வகுப்பு வரும், பதிவு செய்யும், மதிப்பெண் வாங்கும், போய்விடும். பதிவு எங்கே போனது என்று பேசியவருக்கே தெரியாது.

பழைய பதிவுகளைக் கேட்கும்போது இல்லாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறப் பாகுபாட்டுக்கு எதிரான போராட்டக் கதைகள் நிறைய இருக்கும். சலவைத் தொழில், முடி திருத்தகம், பிரசவம் பார்த்தவர்கள், கடையில் கடன் கணக்கு வைத்திருந்த விதம் பற்றிக் குறைவாக இருக்கலாம். உங்கள் வேலை அங்கே தொடங்குகிறது.

படி 2: தாள்களைப் படியுங்கள்

தீ காப்பீட்டுக்காக வரைந்த சான்பார்ன் வரைபடங்களில் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இருக்கும். பழைய ஊர் விவரப் புத்தகங்களில் யார் எந்தத் தெருவில் இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்று தெரியும். அந்தக் காலப் புத்தகங்கள் பலவற்றில் கறுப்பினத்தவரின் பெயருக்குப் பக்கத்தில் தனிக் குறி போட்டிருப்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் 72 ஆண்டு கழித்துத்தான் வெளிவரும் என்பதால் 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் திறக்கப்பட்டது. இன்று எண்பதைத் தாண்டியவர்களை அதில் குழந்தைகளாகப் பார்க்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட மதிப்புள்ளவை வீடுகளிலேயே இருக்கின்றன. தேவாலய ஆண்டுவிழா மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், முக்கியமாக இறுதிச் சடங்கில் கொடுக்கும் சிறு புத்தகங்கள். அமெரிக்கத் தென்னகத்துக் கறுப்பினக் குடும்பங்களில் அந்தப் புத்தகத்தில் இறந்தவரின் படம், பிறந்த ஊர், படித்த பள்ளி, பார்த்த வேலை, சேர்ந்திருந்த தேவாலயம், உறவினர் பெயர்கள் எல்லாம் இருக்கும். பழைய பைபிளுக்குள்ளேயோ அலமாரி இழுப்பறையிலேயோ கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஸ்கேனரை அங்கே கொண்டுபோய்ப் படியெடுத்துவிட்டு மூலத்தை அப்போதே திருப்பிக் கொடுங்கள். இதற்காகவே சாப்பல் ஹில் பல்கலைக்கழக நூலகம் தேவையான கருவிகளை ஒரு முதுகுப்பையில் போட்டு ஊர்க்காரர்களிடம் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. நல்ல யோசனை, யாரும் செய்யலாம்.

படி 3: நம்பிக்கையைச் சம்பாதியுங்கள்

இதற்குக் குறுக்கு வழி இல்லை. தேவாலயத்திலிருந்து தொடங்குங்கள். நார்த்சைட்டில் செயின்ட் ஜோசப், செயின்ட் பால், ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் போன்ற தேவாலயங்கள்தான் ஊர்ச் சபை மாதிரி. போதகரைப் பாருங்கள். பெரும்பாலான தேவாலயங்களில் வரலாற்றுப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருப்பார், அவரையும் பாருங்கள். வழிபாட்டுக்குப் பிறகு அறிவிப்புக்கு இரண்டு நிமிடம் கேளுங்கள். பிறகு சில மாதம் ரெக்கார்டர் இல்லாமல் போய் வாருங்கள். நாற்காலி எடுத்துப் போடுங்கள், சாப்பாடு பரிமாறுங்கள், முதியவர்களை மருத்துவமனைக்கு வண்டியில் அழைத்துப் போங்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வயதில் மூத்தவர்களை 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்று அழைப்பது நமக்கு மரியாதை. அமெரிக்கத் தென்னகத்தில் வெள்ளையர்கள் மூத்த கறுப்பினத்தவரை 'மிஸ்டர்', 'மிஸஸ்' என்று சொல்ல மனமில்லாமல் அதே சொற்களால்தான் அழைத்தார்கள். நீதிமன்றத்தில்கூட வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆகவே, அவர்களாக வேறு மாதிரிச் சொல்லாத வரை, 'மிஸ்டர்', 'மிஸ்' சேர்த்தே அழையுங்கள். தலைப்பிலும் கோப்பிலும் படத்தின் கீழ்க்குறிப்பிலும்கூட அதையே பின்பற்றுங்கள்.

குடியிருப்பாளர்கள் ஐந்தாறு பேர் கொண்ட குழு ஒன்றை அமையுங்கள். யாரைப் பேட்டி எடுப்பது, எதை வெளியிடுவது என்ற கடைசி முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும். முடிந்தால் பேட்டி எடுப்பவரும் அந்தத் தெருப் பிள்ளையாக இருக்கட்டும். நீங்கள் கருவியைப் பாருங்கள்.

கேட்பவர் யார் என்பது எவ்வளவு தூரம் பதிலை மாற்றும் என்பதற்குப் பழைய சாட்சியம் ஒன்று இருக்கிறது. 1936 முதல் 1938 வரை அரசுத் திட்டம் ஒன்று, அடிமைகளாக வாழ்ந்து விடுதலையான 2,300க்கும் மேற்பட்டோரின் நினைவுகளை எழுதிவைத்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரு மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியாகச் சந்தித்தார்கள். ஒரு தாளில் அவர் பெயர் சூசன் ஹாம்லின், இன்னொன்றில் சூசன் ஹாமில்டன். வெள்ளைப் பெண்ணிடம் பேசும்போது, உதவித்தொகை அலுவலகத்து ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தன் எஜமானர் நல்லவர் என்ற தொனியிலேயே சொன்னார். கறுப்பினத்தவர் வந்து கேட்டபோது சாட்டையடியையும், விற்கப்பட்டுப் பிரிந்த குடும்பங்களையும் சொன்னார். ஒரே வாய், ஒரே வாழ்க்கை. முதல் தாள் மட்டும் மிஞ்சியிருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

படி 4: ஒப்புதல்

பேட்டிக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என இரண்டு முறை பேசுங்கள். முன்பு விளக்கம் மட்டும்: எதற்காக, எங்கே போகும், யார் கேட்பார்கள், எந்த நேரத்திலும் நிறுத்தலாம். என்ன பேசினோம் என்று அவருக்கே தெரிந்த பிறகு கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் பேசிய சொற்களின் உரிமை அவருக்கே உரியது என்று வைத்துக்கொண்டே படிவத்தை எழுதுங்கள். உரிமையை முழுக்க எழுதி வாங்கும் படிவம் தேவையில்லை, பயன்படுத்த அனுமதி தரும் படிவமே போதும். அதில் தேர்வுகள் இருக்கட்டும்: எல்லோரும் கேட்கலாம், குடும்பத்தார் மட்டும் கேட்கலாம், இத்தனை ஆண்டுக்குப் பிறகு திறக்கலாம், இந்தப் பகுதியை மட்டும் மூடி வைக்கலாம். பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில், வக்கீல் பாஷை இல்லாமல்.

நிறைவேற்ற முடியாத வாக்கு கொடுக்காதீர்கள். பாஸ்டன் கல்லூரி வட அயர்லாந்துப் போராளிகளைப் பேட்டி எடுத்தபோது, அவர்கள் உயிரோடு இருக்கும்வரை வெளிவராது என்று உறுதி கொடுத்தது. 2011இல் நீதிமன்ற ஆணை வந்தது, சில ஒலிநாடாக்கள் காவல்துறையிடம் போயின. பூட்டி வைப்போம் என்று சொல்லலாம், சட்டத்தாலும் திறக்க முடியாது என்று சொல்லக் கூடாது.

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவிடம் போக வேண்டுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட கூட்டாட்சி விதி வாய்மொழி வரலாற்றை அந்தக் குழுவின் வரம்புக்கு வெளியே வைக்கிறது. உங்கள் கல்லூரிக்கு வேறு வழக்கம் இருந்தால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: கருவி

சுருக்கமாகச் சொல்கிறேன். கையடக்க ரெக்கார்டர் ஒன்று, சட்டைக் காலரில் மாட்டும் மைக் இரண்டு, ஹெட்போன், கூடுதல் மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிபி வரும். ரெக்கார்டர் வாங்க வழியில்லையென்றால் போனோடு நல்ல வெளி மைக் போதும், ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள்.

பேட்டி அவரவர் வீட்டு வரவேற்பறையிலோ சாப்பாட்டு மேசையிலோ நடக்கட்டும். சுவர்க் கடிகாரம், ஏசி, பிரிட்ஜ் மூன்றும்தான் எதிரிகள். அனுமதி கேட்டுப் பிரிட்ஜை நிறுத்தினால் உங்கள் கார் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், பிரிட்ஜைத் திரும்பப் போட ஞாபகம் வரும். ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய வித்தை இது. தொடங்கியதும் தேதி, இடம், இருவர் பெயரையும் சொல்லுங்கள். வீடியோவை அவர் விரும்பினால் மட்டும் எடுங்கள். கேமராவைப் பார்த்ததும் மேடையில் பேசுவதைப் போலப் பேசுகிறவர்கள் உண்டு.

படி 6: கேட்பது

எல்லாப் படிகளிலும் இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

போராட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். தெருவிலிருந்து தொடங்குங்கள். "சின்ன வயதில் வாசல் கதவைத் திறந்து வெளியே வந்தால் இடது பக்கம் யார் வீடு?" என்று கேளுங்கள். ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். வீடு வீடாக, மரம் மரமாக வரும். வரைந்த தாளும் ஆவணம்தான், அதிலும் தேதி போட்டு வையுங்கள். பழைய படங்களைக் காட்டும்போது "இவர்தான் அவர்" என்று விரலால் தொட்டுச் சொல்வார்கள். ஒலிப்பதிவில் விரல் தெரியாது. "இடது ஓரத்தில் தொப்பி போட்டவரா?" என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

புகழ்பெற்ற சம்பவங்களைப் பலமுறை சொல்லிச் சொல்லி அவை மெருகேறிப்போயிருக்கும். உதாரணம்: 1960 பிப்ரவரி 28 அன்று, கறுப்பினப் பிள்ளைகளுக்கான லிங்கன் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் ஒன்பது பேர் ஃபிராங்க்ளின் தெருவில் உள்ள கலோனியல் மருந்துக் கடைக்குள் போய், வெள்ளையருக்கு மட்டுமான இருக்கையில் உட்கார்ந்தார்கள். இது ஊரறிந்த கதை. இதைப் பற்றி "எப்படி இருந்தது?" என்றால் வழக்கமான பதில் வரும். "அன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அம்மா என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். "அம்மா யார் வீட்டில் வேலை பார்த்தார்? அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததா?" என்று கேளுங்கள். அந்த ஊரில் பெற்றோரின் சம்பளம் பல்கலைக்கழகத்திடமிருந்தோ வெள்ளையர் வீடுகளிலிருந்தோ வந்தது. பிள்ளை போய் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கேள்வி அங்கே இருந்தது. வரலாற்றின் எடை அந்த இடத்தில்தான் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனியாக இருந்த பள்ளிகளை ஒன்றாக்கியது முழு வெற்றி என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள். லிங்கன் பள்ளி 1966இல் மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தில் இன்று கல்வித்துறை அலுவலகம் இருக்கிறது. மாணவர்களுக்குப் புதிய பள்ளி கிடைத்தது. ஆனால் தங்கள் ஆசிரியர்கள், வாத்தியக் குழு, பள்ளிச் சின்னம், கோப்பைகள் எல்லாம் போயின என்று பலர் இன்றும் மனம் நொந்து சொல்வதைக் கேட்கலாம். "பள்ளியின் கோப்பைகள் என்ன ஆயின?" என்ற ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

வேலையைப் பற்றிக் கேளுங்கள். 1969இல் பல்கலைக்கழக உணவகத் தொழிலாளர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு ஹோவர்ட் லீ ஊரின் முதல் கறுப்பின மேயர் ஆனார். இவை இரண்டையும் ஒரே வீட்டில் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1942இல் கடற்படையின் கறுப்பின வாத்தியக் குழு ஒன்றைப் பல்கலைக்கழகப் பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். வளாகத்தில் தங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. இன்று ஹார்கிரேவ்ஸ் மையம் எனப்படும் இடத்தில் தங்கி, தினமும் வளாகத்துக்கு அணிவகுத்துப் போனார்கள். அதைத் தெருவோரம் நின்று பார்த்த குழந்தைகள் யாராவது இன்னும் இருந்தால் அவர்களை முதலில் சந்தியுங்கள்.

பேச்சு நின்றால் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அழுதால் மைக்கை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள். ஆண்டைத் தவறாகச் சொன்னால் அங்கேயே திருத்த வேண்டாம். அப்புறம் தாள்களோடு ஒப்பிட்டு அடிக்குறிப்பு எழுதலாம். ஒன்றரை மணி நேரம் போதும், மிச்சத்துக்கு இன்னொரு நாள் போங்கள்.

படி 7: எழுத்துப்படி

ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத ஆறேழு மணி நேரமாவது ஆகும். மென்பொருளைப் பயன்படுத்தலாம், ஆனால் அதை நம்பி விட்டுவிட முடியாது. 2020இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் சராசரியாக 100 சொல்லுக்கு 19 பிழை, கறுப்பினத்தவர் பேச்சில் 35. மென்பொருள்கள் அதன் பிறகு மேம்பட்டிருக்கின்றன. இருந்தாலும் உள்ளூர்ப் பெயர்கள், தேவாலயங்கள், தெருக்களை அது தப்பாகவே எழுதும். வரிவரியாகக் கேட்டுத் திருத்துங்கள்.

அவர்களின் ஆங்கிலத்தைப் பாடப்புத்தக ஆங்கிலமாக மாற்றாதீர்கள். வாக்கிய அமைப்பையும் சொல்லையும் அப்படியே விடுங்கள். அதே நேரம், உச்சரிப்பைக் காட்டுவதாக நினைத்து எழுத்துகளை வெட்டி விகாரமாக எழுதவும் வேண்டாம். 1930களின் பேட்டிகளில் பலவற்றை அப்படித்தான் எழுதிவைத்தார்கள். படித்தால் பேசியவரை ஏளனம் செய்வதைப் போல இருக்கும். எழுதி முடித்ததும் அச்சிட்டு அவரிடமே கொடுங்கள். அவர் நீக்கச் சொல்வதை நீக்குங்கள்.

முழு எழுத்துப்படிக்கு ஆள் இல்லையென்றால், எந்த நிமிடத்தில் எதைப் பற்றிய பேச்சு என்று ஒரு பட்டியலாவது போடுங்கள். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் நன் மையம் உருவாக்கிய ஓம்ஸ் என்ற இலவச மென்பொருள் அந்தப் பட்டியலையும் ஒலியையும் இணைத்துவிடும். ஒரு சொல்லைத் தேடினால் அந்த நிமிடத்துக்கே போகும்.

படி 8: எதை வெளியிடக் கூடாது

பெரும்பாலான வழிகாட்டிகளில் இது விடுபடுகிறது. முதியவர்களின் வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கத் துடிக்கிறவர்கள் தொலைபேசியிலும் கடிதத்திலும் அலைகிற பகுதி இது. ஒருவர் தனியாக இருக்கிறார், வரி பாக்கி இருக்கிறது, அப்பா உயில் எழுதாமல் போனதால் நிலம் பல வாரிசுகளுக்குப் பொது என்பதெல்லாம் பேட்டியில் இயல்பாக வரும். அமெரிக்கத் தென்னகத்தில் கறுப்பினக் குடும்பங்கள் நிலம் இழந்ததற்கு உயிலில்லாச் சொத்து ஒரு முக்கியக் காரணம். ஒரு தூரத்து வாரிசின் பங்கை வாங்கிவிட்டு முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இத்தகைய பகுதிகளைப் பொதுப் பதிவிலிருந்து வெட்டி, முழுப் பதிவைக் குடும்பத்துக்கு மட்டும் கொடுங்கள். இப்போது உள்ள முகவரி, உடல்நிலை, உயிரோடு இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய குற்றச்சாட்டு ஆகியவற்றுக்கும் இதே விதி.

படி 9: பத்திரப்படுத்துவது

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், பேசியவர் பெயர், எத்தனையாவது அமர்வு என்பது இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை திறந்து கேட்டுப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கை ஐந்து ஆண்டுக்குள் மாற்றுங்கள்.

ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்தில் வைப்பதில் தப்பில்லை, அங்கே குளிரூட்டிய அறையும் படித்த ஊழியர்களும் உண்டு. ஆனால் முதல் பிரதி ஊர்க்காரர்களின் அமைப்பிடம்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தங்கள் தாத்தாவுக்கு நுழைய அனுமதி இல்லாமலிருந்த கட்டடத்துக்குப் போய், அவருடைய குரலைக் கேட்க யாரும் அனுமதி கேட்டு நிற்கக் கூடாது.

படி 10: திருப்பிக் கொடுப்பது, கைமாற்றுவது

பேட்டி முடிந்த ஒரு மாதத்துக்குள் குடும்பத்திடம் ஒலியை ஒரு பென்டிரைவில் கொடுங்கள், அச்சிட்ட புத்தகமாகவும் கொடுங்கள். நேரத்துக்குச் சன்மானமும் கொடுங்கள். பேராசிரியருக்குச் சம்பளம், மாணவருக்கு மதிப்பெண், பேசியவருக்கு நன்றி மட்டும் என்பது நியாயமில்லை. பிறகு தேவாலய மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து கேட்க ஏற்பாடு செய்யுங்கள். அங்கே "அந்தக் கடை அடுத்த தெருவில் அல்லவா இருந்தது?" என்று ஒருவர் எழுவார், அடுத்த பேட்டிக்கு ஆள் கிடைத்துவிடும்.

பதிவுகள் தெருவைக் காக்கவும் உதவ வேண்டும். நார்த்சைட்டில் குடியிருப்பாளர்களின் கதையும் கோரிக்கையும் ஒன்றாகவே நகர்ந்தன. 2015இல் பல்கலைக்கழகம் வட்டியில்லாமல் 30 லட்சம் டாலர் கடன் கொடுக்க, அதை வைத்து ஒரு நில வங்கி தொடங்கியது. விற்பனைக்கு வரும் வீடுகளை ஊக வியாபாரிகள் கைக்குப் போகாமல் வாங்கி வைத்து, குடும்பங்களுக்கு மறுபடி கொடுப்பது அதன் நோக்கம். உங்கள் ஊரில் மனைப் பயன்பாட்டு விதி மாறும்போது நகர மன்றக் கூட்டத்துக்கு, பேசியவர்களின் அனுமதியோடு, அவர்களின் சொற்களை எடுத்துப் போங்கள். அவர்களே வந்து பேச விரும்பினால் வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

மாணவராக இருந்தால் நீங்கள் இரண்டு ஆண்டிலோ நான்கு ஆண்டிலோ கிளம்பிவிடுவீர்கள். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே கடவுச்சொற்கள், ஒப்புதல் படிவங்களின் கோப்பு, மூடிவைத்த பதிவுகள் எந்த ஆண்டில் திறக்கப்பட வேண்டும் என்ற பட்டியல், இணையதளப் பெயருக்கான சந்தா கட்டும் தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஊர்க் குழுவிடம் ஒப்படையுங்கள். இணையதளப் பெயரும் கணக்கும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருந்தால், அதையும் குழுவின் மின்னஞ்சலுக்கு அன்றே மாற்றிவிடுங்கள்.